பழி என் நாக்குக்கு

மார்ச் 4

அண்ணிக்கு,

நேற்று வார்டு கண்ணாடிக்கு வெளியே நான் வந்து நின்றபோது நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பரவாயில்லை. தாய்மார் அறைக்குள் போன் கூடாது, பச்சைக்குழந்தை வார்டுக்குள் என்னைப் போன்ற ஆபீஸ் ஆட்கள் நுழையக் கூடாது. மிச்சம் இருப்பது காகிதம்தான். சாப்பாட்டுப் பையோடு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

விஷயம் இதுதான். வருகிற இருபத்தோராம் தேதி வார்டு மொத்தமும் புதுக் கட்டடத்தின் நான்காம் மாடிக்கு மாறுகிறது. உங்கள் தலைக்கு மேலே கூரை ஒழுகுவது உங்களுக்கே தெரியும். இந்தப் பழைய கட்டடம் இனி தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஆஸ்பத்திரி என்னை வேலைக்கு எடுத்ததே இந்த இடமாற்றத்தை நடத்திக் கொடுக்கத்தான். உங்கள் பிள்ளை கடுகு இங்கே வந்து பிறப்பான் என்று அப்போது யார் கண்டது?

வேறு யார் வாய் மூலமாகவோ உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எல்லா ஏற்பாடும் சரியாக நடக்கிறது. லிஃப்ட் தயார், ஆக்ஸிஜன் தயார், ஆட்கள் தயார். கவலையே வேண்டாம். கடுகைப் பூப்போலக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 5

மேனேஜர் அம்மாவுக்கு,

அண்ணி என்று எழுதிவிட்டால் நான் உருகிப் போவேன் என்று நினைத்தாயாக்கும்.

ஆறாம் மாதத்தில் என் வீட்டு ஹாலுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, "ஒருவேள கொழந்த முன்னாடியே வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது யார்? நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீ விட்டாயா? "வண்டியில பெட்ரோல் எப்பவும் இருக்கணும். ரத்தம் குடுக்க ஆள் பார்த்து வைக்கணும். எந்த ஆஸ்பத்திரின்னு இப்பவே முடிவு பண்ணுங்க." வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது? உனக்குக் கருநாக்கு என்று அன்றைக்கே சொன்னேன். அந்த மாதம் முடியவில்லை, என் பிள்ளை வெளியே வந்துவிட்டான். உன் அண்ணனின் உள்ளங்கையில் அடங்கினான். கடுகு என்று பேர் வைத்துவிட்டு அந்த மனுஷன் சுவரில் சாய்ந்து அழுதார்.

இப்போது அதே நாக்குக்காரியின் பொறுப்பில் என் பிள்ளையைக் கட்டடம் விட்டுக் கட்டடம் தூக்கிப் போகப் போகிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கண்ணை எடுத்தால் அது நின்றுவிடும் என்று தோன்றுகிறது. இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். உப்பு வாங்கக் கிளம்பினாலும் 'கடை மூடியிருந்தா?' என்று கேட்கிறவள் நீ. உன் கடிதத்தில் பேருக்கு ஒரு 'ஒருவேளை' கூட இல்லை. பூப்போலவாம். உன் திட்டைக்கூடத் தாங்குவேன் போலிருக்கிறது, இந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

கடுகின் அம்மா

---

மார்ச் 7

அண்ணிக்கு,

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

நீங்கள் கருநாக்கு என்று சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். படித்தவள்தான், நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவள்தான். ஆனாலும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இருந்ததா, புதிதாக வந்ததா என்று தெரியவில்லை. கடுகு பிறந்த பிறகு தினமும் பார்க்கிறேன்.

அதற்கு முன்பு என் வழக்கம் வேறு. எந்த வேலையானாலும் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவேன்: "இந்த வேல படுத்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. எல்லாம் முடிஞ்சு, மானம் போய் உக்காந்திருக்கோம். எதனால படுத்துச்சு?" அப்போதுதான் உண்மை வெளியே வரும். இந்த வேலையில் மட்டும் நான் அதைக் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கடுகு கண் முன்னால் வந்து நிற்கிறான். நான் சொல்லி, அது நடந்துவிட்டால்? அதனால் "ஆச்சா?" என்று மட்டும் கேட்கிறேன். "ஆயிடும் மேடம்" என்கிறார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

ஆயிடும் என்றால் ஆகவில்லை என்று அர்த்தம். அது தெரியாமலா இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்? தெரிந்தும் கேட்காமல் இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பொறுப்பில் இருக்கிறவள் பயந்தால் கூட இருக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள்.

வேலையை வேறு ஆளிடம் விடலாம். ஆனால் வருகிறவர் "ஆயிடும்" என்பதை நம்புகிறவராக இருந்தால் என்ன செய்வது?

நாத்தனார்

---

மார்ச் 10

கடுகின் அத்தைக்கு,

நாக்கை நீட்டிப் பார்த்தாயா! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். இங்கே வந்ததிலிருந்து நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சிரிப்பு அவ்வளவுதான். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். பால் பிழிந்து கொடுக்கப் போகிற நேரத்தில் நர்ஸுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. "புது வார்டு எப்படி சிஸ்டர்?" என்று கேட்டால், "ரொம்ப நல்லாருக்கும்மா" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிறார்கள். வார்டை நடத்துகிற பெரிய சிஸ்டர் இருக்கிறாரே, யாருக்கும் அசையாத மனுஷி, அவரே நேற்று புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, லிஃப்ட் கொஞ்சம் குலுங்குச்சு" என்றார்.

எல்லோரும் எங்களுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். பதில் சொல்ல ஒருத்தர் இல்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

கடுகை உள்ளே வைத்துக்கொண்டு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால்?

எழுதிவிட்டேன். என் நாக்கில் புள்ளி இல்லை, நான் சொன்னால் பலிக்காது என்று தைரியம் சொல்லிக்கொள்கிறேன். நீ இதைக் கேட்க மாட்டேன் என்கிறாய். அப்படியானால் ஒரு தாய் கேட்கிறாள் என்று கேள். என் பேரைச் சொல்லியே கேள்.

கடுகின் அம்மா

---

மார்ச் 12

அண்ணிக்கு,

கேட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புதுக் கட்டடத்துக் கூட்ட அறை. பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை, நாற்காலிகளின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. "ஒரு கொழந்தையோட அம்மா கேக்கறாங்க, லிஃப்ட் நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?" என்றேன். டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல காரியம் ஆரம்பிக்கிறப்போ ஏம்மா அபசகுனமா பேசறீங்க?" லிஃப்ட் மெக்கானிக், "அதெல்லாம் நிக்காது மேடம்" என்றார். ஆக்ஸிஜன்காரர் தன் பங்குக்கு, "எங்க வேலையும் முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள். ஏதோ ஒன்று தெரியும், சொன்னால் பலித்துவிடும், பலித்தால் "நீதானே வாயை வெச்ச" என்பார்கள். இதைப் பார்த்ததும் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது எனக்கு.

"எங்க வீட்டுல எனக்கு ஒரு பேரு இருக்கு, தெரியுமா? கருநாக்கு" என்றேன். பெரிய சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "நெசமாத்தான். புள்ளியே இருக்கு, வேணும்னா காட்டறேன். அதனால நீங்க யாரும் கெட்டதப் பேச வேண்டாம். மனசுல இருக்கறத என் காதுல மட்டும் சொல்லுங்க. நான் சத்தமா சொல்றேன். யார் சொன்னதுன்னு கேக்க மாட்டோம். பலிச்சா பழி என் நாக்குக்கு."

சிரித்தார்கள். டைரக்டர்கூடச் சிரித்தார். அப்புறம் பெரிய சிஸ்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என் காதில் சொன்னார். நான் எழுந்து நின்று அதைச் சத்தமாகச் சொன்னேன். அவர் உட்காருவதற்குள் அடுத்த ஆள் எழுந்துவிட்டார். ரேஷன் கடை மாதிரி வரிசை.

வந்ததைச் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற ஸ்பானர் காவலாளியின் டிராயரில் கிடக்கிறது, அவர் இல்லாத நேரத்தில் டிராயர் பூட்டியிருக்கும். லிஃப்ட் வாசலில் ஒரு இடைவெளி, பெட்டியின் முன்சக்கரம் அதில் மாட்டுகிறது. நான்காம் மாடி மெஷின்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு யாரும் பார்த்ததில்லை. கடைசியாக, கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற பேட்டரி இன்னும் வரவே இல்லை, நின்ற இடத்திலேயே நிற்கும். அதைச் சொன்னவர் யார் என்று சொல்ல மாட்டேன். கிரீஸ் வாடை அடித்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லும்போது நாக்கு உலர்ந்தது. உங்கள் கேள்விக்குப் பதில்: லிஃப்ட் நின்றால் எங்களிடம் எதுவும் இல்லை. இன்றுவரை இல்லை.

நாத்தனார்

---

மார்ச் 14

கடுகின் அத்தைக்கு,

அடிப்பாவி, இதையெல்லாமா எனக்கு எழுதுவாய்? தெரியாமல் இருந்தபோது ஒரு பயம். தெரிந்த பிறகு பயத்துக்குக் கை, கால், பேர் எல்லாம் முளைத்துவிட்டது. ஸ்பானர், சக்கரம், பேட்டரி என்று தூக்கத்தில் உளறுகிறேனாம். பக்கத்துக் கட்டில்காரி, "உங்க வீட்டுக்காரர் மெக்கானிக்கா?" என்று கேட்கிறாள்.

ஆனாலும் மறைக்காதே. மறைத்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

நேற்று ஒன்று நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடுகு மூச்சு விடுவதை நிறுத்தினான். நெஞ்சு ஏறியது, இறங்கியது, அப்புறம் ஏறவில்லை. உதடு நீலமாகியது. மெஷின் கத்தியது. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பெரிய சிஸ்டர் வந்தார், ஓடிக்கூட வரவில்லை, பெட்டியின் ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. அவனுக்குக் கோபம் வந்து அழுதான், மூச்சும் வந்துவிட்டது. "மாசம் ஆகாம பொறந்ததுங்க அப்பப்ப மூச்சு விட மறந்துடும்மா. ஞாபகப்படுத்தினா போதும்" என்றார். அவருக்கு அது தினசரி வேலை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். லிஃப்டுக்குள் யார் சுண்டுவார்கள்? விளக்கு போய்விட்டால் உதடு நீலமாவது யாருக்குத் தெரியும்? டார்ச் இருக்கிறதா உங்களிடம்? இதையும் உன் வரிசையில் சேர்.

கடுகின் அம்மா

---

மார்ச் 18

அண்ணிக்கு,

டார்ச் யாரிடமும் இல்லை. நீங்கள் கேட்ட அன்றே வாங்கினேன். அது இல்லாவிட்டால் நேற்று நாங்கள் இருட்டில் குருடர்களாக நின்றிருப்போம்.

நேற்று ஒத்திகை பார்த்தோம். குழந்தைக்குப் பதிலாக வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். நர்ஸுகள் அதற்குத் தண்ணிப் பாப்பா என்று பேர் வைத்துக் கொஞ்சினார்கள். எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன், லிஃப்ட் ஏறும்போது மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. நானே நிறுத்தச் சொன்னதுதான். ஜெனரேட்டர் ஓடிற்று, விளக்கு வந்தது, லிஃப்ட் அசையவில்லை. மொட்டை மாடியில் இருக்கிற சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும், மெக்கானிக்கோ கீழே வாசலில் நின்றிருக்கிறார். அவர் படியேறி ஓடி வருவதற்குள் குழந்தைப் பெட்டியைச் சூடாக வைக்கிற பேட்டரியும் தீர்ந்து உள்ளே இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பழைய பேட்டரியாம். அதை யாரும் என் காதில் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பெரிய சிஸ்டர் பெட்டிக்குள் கையை விட்டுத் தண்ணிப் பாப்பாவைத் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். ஆறிப்போயிருந்தது.

நேராக டைரக்டரிடம் போய், இருபத்தோராம் தேதி முடியாது என்றேன். திறப்பு விழா அழைப்பிதழ் அடித்தாயிற்று, பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று குதித்தார். "ஒரு தண்ணிப் பைக்காகத் தேதியை மாத்தணுமா?" "தண்ணிப் பையோட போயிடுச்சேன்னுதான் சார் மாத்தச் சொல்றேன்" என்றேன். "ரெண்டு நாளைக்குள்ள யோசிச்சு சொல்லுங்க. இல்லன்னா தேதியை மாத்த மாட்டேன், ஆளை மாத்துவேன்" என்றார்.

வேலை போகிற பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தள்ளிப்போட்டால் நீங்கள் எல்லோரும் அந்த ஒழுகுகிற கூரைக்குக் கீழேயே இருக்க வேண்டும். அங்கே ஏதாவது நடந்துவிட்டால் தள்ளிப்போடச் சொன்னவள் நான். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை அண்ணி. தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார்

---

மார்ச் 19

கடுகின் அத்தைக்கு,

அவசரமாக எழுதுகிறேன், உன் அண்ணன் வாசலில் காத்திருக்கிறார்.

இன்று காலை இங்கே கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. கைகழுவுகிற தொட்டிக்குள் விழுந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. கடுகின் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நீ வேறு யார் மூலமாகவாவது கேட்டுவிட்டுப் பயந்து தேதிக்குத் தலையாட்டிவிடப் போகிறாயே என்றுதான் நானே சொல்கிறேன். இருந்தாலும் பயம், போனாலும் பயம். ஆனால் இங்கே மேலே பார்த்துக்கொண்டிருக்கலாம், விழுகிற இடத்திலிருந்து நகர்த்தலாம். அந்த இரும்புப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் எங்கே நகர்த்துவது?

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். தண்ணிப் பாப்பா ஆறிப்போன இடம் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அப்புறம்தான் சொன்னார். அன்றைக்கு நீ ஹாலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போன பிறகு, எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் செய்து வைத்தாராம். தினமும் பெட்ரோல் போட்டிருக்கிறார். என் பையைக் கட்டி டிக்கியில் வைத்திருக்கிறார். ரத்தம் கொடுக்க ஆபீஸ் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறார். "உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னுதான் சொல்லல" என்கிறார். வலி வந்து அரை மயக்கத்தில் கிடந்தேன், கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன், ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அது எப்படி நடந்தது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. உன்னைத் திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிக்க நீ ஒன்றும் செய்யவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த டைரக்டரிடம் முடியாது என்று சொல். வேலை போனால் போகட்டும், என் வீட்டில் ஒரு தட்டு சேர்த்து வைத்தால் ஆயிற்று.

கடுகின் அம்மா

---

மார்ச் 26

அண்ணிக்கு,

தேதி இருபத்தெட்டு. நான் ஒன்றும் வீர வசனம் பேசவில்லை. தண்ணிப் பாப்பாவைக் கொண்டுபோய் டைரக்டர் மேஜை மேல் வைத்து, "தொட்டுப் பாருங்க சார்" என்றேன். தொட்டார். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. "ஒரு வாரம் போதுமா?" என்று கேட்டார். அவருக்கும் பேரன் பேத்தி இருக்கும் போல.

லிஃப்ட் பேட்டரி வந்துவிட்டது. மாட்டியதைக் காட்டச் சொல்லி, கரண்டை நிறுத்தி, இறங்குகிறதா என்று என் கண்ணால் பார்த்தேன். இப்போதெல்லாம் நான் "ஆச்சா?" என்று கேட்பதில்லை, "காட்டுங்க" என்கிறேன். குழந்தைப் பெட்டிக்குப் புதுப் பேட்டரி. வாசல் இடைவெளிக்குத் தகடு. லிஃப்ட் கைவிட்டால் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் படியேறுவதையும் ஒத்திகை பார்த்துவிட்டோம். மொட்டை மாடியில் சக்கரத்தின் பக்கத்தில் மெக்கானிக். ஒவ்வொரு மாடி லிஃப்ட் வாசலிலும் சிலிண்டரும் ஸ்பானருமாக ஒரு ஆள். ஆள் போதவில்லை, அதனால் இரண்டாம் மாடிக்கு டைரக்டரையே நிறுத்தியிருக்கிறேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் வருகிறார். மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது எழுதக் கை வராத விஷயம். யார் முதலில் போவது என்று குழந்தை டாக்டர் முடிவு செய்துவிட்டார். இருப்பதில் தெம்பான குழந்தை முதலில் போக வேண்டும். ஏதாவது கோளாறு இருந்தால் அதைத் தாங்கக்கூடிய பிள்ளையிடம் அது தெரிந்துவிட வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

அண்ணி, அந்தக் குழந்தை கடுகு. இரண்டு வாரத்தில் எடை கூடிவிட்டான், மூச்சு மறப்பதும் குறைந்திருக்கிறது. டாக்டருக்கு அவன் என் மருமகன் என்று தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனைப் பின்னால் தள்ளிவிடலாம். அப்போது வேறு ஒருத்தியின் பிள்ளை, அவனைவிட மெலிந்த பிள்ளை, முதலில் போகும். நேற்று இரண்டு தடவை டாக்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

நாத்தனார்

---

மார்ச் 27

கடுகின் அத்தைக்கு,

உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். உன்னைத் திட்டினேன். டாக்டரைத் திட்டினேன். அவன் எடை கூடியதற்காக அவனையே திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரியின் பெண் குழந்தை இருக்கிறதே, கடுகில் பாதிதான் இருக்கும். அவள் இன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல போற கொழந்த யாருதோ, பாவம்" என்றாள்.

அவனே முதலில் போகட்டும்.

ஆனால் ஒன்று. லிஃப்டுக்குள் நீயும் இருக்க வேண்டும், டார்ச்சும் கையுமாக. ஏறுவதிலிருந்து இறங்குவதுவரை என்னென்ன கெட்டது நடக்கலாமோ எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போ. நீ சொன்னதற்கெல்லாம் யாராவது ஒரு ஆள் நிற்கிறார். நீ சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பயம்.

பெற்ற வயிறு. வேறென்ன எழுத?

கடுகின் அம்மா

---

மார்ச் 28, நான்காம் மாடி

அண்ணி,

முதலில் இதைப் படியுங்கள்: கடுகு மூச்சு விடுகிறான். சிவப்பாக இருக்கிறான். என் கண் முன்னால் இருக்கிறான். மற்றதை அப்புறம் படியுங்கள்.

லிஃப்ட் நின்றது.

ஒன்றன்பின் ஒன்றாக என்று சொல்லியிருந்தேன் அல்லவா? மேலே இருந்தவர்கள் ஆர்வக் கோளாறில், குழந்தை வருகிறதே, எல்லாம் சூடாக இருக்கட்டும் என்று மெஷின்களை மொத்தமாகப் போட்டுவிட்டார்கள். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் அந்தச் சுமையைத் தாங்காமல் நின்றுவிட்டது. அப்போது நாங்கள் இரண்டாம் மாடியைத் தாண்டியிருந்தோம். பெரிய சிஸ்டர், டாக்டர், நான், கடுகு. நீங்கள் சொன்னபடி நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். "இப்ப கரண்ட் போகலாம்" என்று சொல்லி முடித்தேன், இருட்டிவிட்டது. என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

டார்ச் வெளிச்சத்தை அவன் நெஞ்சில் அடித்தேன். என் கை நடுக்கத்தில் வெளிச்சம் ஆடியது, நெஞ்சு ஆடுகிறதா வெளிச்சம் ஆடுகிறதா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். நெஞ்சு அசையவில்லை. பெரிய சிஸ்டர் கையை விட்டுச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். "ஞாபகப்படுத்துங்க சிஸ்டர், ஞாபகப்படுத்துங்க" என்று நான் கத்தினேனாம். மூன்றாவது சுண்டில் அழுதான் பாருங்கள். அந்த இரும்புப் பெட்டிக்குள் அந்த அழுகை எப்படிக் கேட்டது தெரியுமா? மொட்டை மாடியில் இருந்த மெக்கானிக்குக்கே கேட்டதாம், "கொழந்த திட்டுது" என்றாராம்.

அதற்குள் பேட்டரி வேலை செய்து லிஃப்ட் மெல்ல இறங்கி இரண்டாம் மாடியில் திறந்தது. வாசலில் டைரக்டர், சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகத்தில் ரத்தமே இல்லாமல். டாக்டர் பார்த்தார், இனி லிஃப்ட் வேண்டாம் என்றார். ஒத்திகை பார்த்தபடி பெரிய சிஸ்டர் கடுகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே டைரக்டர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினார். நான் ஒவ்வொரு படியையும் டார்ச்சால் காட்டினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கரண்ட் வந்திருந்தது.

இப்போது மெஷின்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்க்கிறார்கள். லிஃப்டைப் பலமுறை காலியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த குழந்தை. முதலில் மெலிந்த குழந்தை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பெண்ணோடும் நான்தான் டார்ச் பிடிப்பேன்.

உங்கள் நாத்தனார்

---

மார்ச் 28, பழைய வார்டு

என் நாத்தனாருக்கு,

முதல் வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மீதியைப் பக்கத்துக் கட்டில்காரிதான் படித்துச் சொன்னாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் அவள், "டைரக்டர் தூக்கினாரா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தாய்மார்களை மாலையில்தான் அழைத்துப் போவார்களாம். அதுவரை காலியான அவன் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை 'ஒருவேளை' கேட்டாயே, ஒன்றை மட்டும் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவேளை எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டால்? மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டால், அவன் வீட்டுக்கு வந்துவிட்டால், தவழ்ந்தால், உன் அண்ணனின் மூக்குக்கண்ணாடியை உடைத்தால், எதிர்த்துப் பேசினால்? அதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஒரு தொட்டில்கூட வாங்கவில்லை. வாங்கினால் எங்கே இல்லாமல் போய்விடுமோ என்று பயம். இந்தப் பயத்தை உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ஜன்னலோர நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. வந்து உட்கார். வேண்டுமானால் காலைக்கூட ஆட்டிக்கொள். என் பிள்ளை வீட்டுக்கு வருவான் என்று சத்தமாகச் சொல். எனக்கு வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. நீ சொல். பலித்தால் பழி உன் நாக்குக்கு.

அண்ணி